பெட்டை நாய்களின் சிறுநீர்க் கசிவு: வயிற்றைத் திறக்காமல் செய்யும் சிகிச்சைக்கு ஒரு வழிகாட்டி

கருப்பை நீக்கம் செய்யப்பட்ட பெட்டை நாய் ஒன்று, பகலில் வெளியே அழைத்துச் செல்லும்போது ஒழுங்காகக் குந்திச் சிறுநீர் கழித்துவிட்டு, தூங்கி எழும்போது மட்டும் படுத்த இடத்தில் பின்பக்கமாக ஒரு ஈரத் திட்டை விட்டுச் சென்றால், அதைப் பிடிவாதம் என்றோ பழக்கக் கேடு என்றோ எண்ணி அதட்டுவதில் பயனில்லை. சிறுநீர்ப்பையின் கழுத்தையும் அதிலிருந்து வெளியே செல்லும் சிறுநீர்த்தாரையையும் மூடி வைத்திருக்க வேண்டிய சுருக்குத்தசை, விழித்திருக்கும்போது ஓரளவு தாங்கினாலும் படுத்துத் தளரும்போது விட்டுக்கொடுத்துவிடுகிறது. எழுந்த பிறகுதான் நாய் தன் வாலடியை முகர்ந்து பார்த்து நக்கத் தொடங்கும், ஏனென்றால் கசிந்தது அதற்கே தெரியாது. இந்தத் தளர்ச்சிக்கும், பிறவியிலேயே குழாய் இடம் மாறித் திறப்பதால் குட்டிகளுக்கு வரும் கசிவுக்கும், வயிற்றைக் கீறாமல் சிறுநீர்த்தாரை வழியாகவே மெல்லிய உள்நோக்கிக் கருவியைச் செலுத்திச் செய்யும் சிகிச்சைகள் இருக்கின்றன: தளர்ச்சிக்கு ஊசியால் ஜெல்லை வைத்து வழியைக் குறுக்குவார்கள்; இடம் மாறிய குழாயை லேசரால் திருத்துவார்கள். அந்தச் சிகிச்சைக்கு முதன்முறையாகத் தயாராகிறவர்கள் எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கருவியைக் கையாள்வது மருத்துவரின் வேலை. ஆனால் அது பலன் தருமா என்பதில் பெரும்பகுதி, அதற்கு முன் வீட்டிலும் உள்ளூர் மருத்துவரிடமும் நடக்கும் வேலையில்தான் தீர்மானமாகிறது.

முதலில் கசிவின் வகையைக் கண்டுபிடியுங்கள்

ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை நாய் படுக்கும் இடத்துக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு, ஈரம் கண்ட நேரம், திட்டின் அளவு, அப்போது நாய் தூங்கியதா, நடந்ததா, குரைத்ததா என்பவற்றைக் குறைந்தது ஒரு வாரமாவது எழுதி வாருங்கள். படுக்கையின் மேல் வெளிர்நிறப் பழைய பருத்திப் புடவையையோ வேட்டியையோ விரித்து வைத்தால் திட்டின் அளவும் நிறமும் தெளிவாகத் தெரியும். கைப்பேசியில் எடுத்த ஒரு சிறு காணொளி, நீங்கள் வாயால் சொல்லும் பத்து நிமிட விளக்கத்தை விட மருத்துவருக்கு அதிகம் உதவும். குறிப்பாக நாய் சிறுநீர் கழிக்கத் தொடங்கும்போது முக்குகிறதா, சிறுநீர் மெல்லிய இழையாக வருகிறதா, முடித்த பிறகும் சொட்டுகிறதா என்பவை அதில் பதிவாக வேண்டும்.

கசிவு எந்த வயதில் தொடங்கியது என்பது எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி. குட்டியாக வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே பின்பகுதி ஈரமாகவே இருந்தால், சிறுநீரகத்திலிருந்து சிறுநீரைக் கொண்டுவரும் சிறுநீர்நாளம் பையில் திறக்காமல் அதைத் தாண்டிச் சிறுநீர்த்தாரையிலோ பிறப்புறுப்பின் உட்பகுதியிலோ திறந்திருக்கக்கூடும் என்று சந்தேகிக்க வேண்டும். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், சைபீரியன் ஹஸ்கி, நியூஃபவுண்ட்லாந்து போன்ற இனங்களில் இக்குறை கூடுதலாகக் காணப்படுகிறது; ஆண் குட்டிகளை விடப் பெண் குட்டிகளில்தான் இது மிகுதியாகக் கண்டறியப்படுகிறது. மாறாக, கருப்பை நீக்கத்துக்குப் பின் சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து, அதுவரை உலர்ந்திருந்த நாய்க்குத் தூக்கத்தில் கசிவு தொடங்கியிருந்தால், சுருக்குத்தசைத் தளர்ச்சியே முதல் சந்தேகம். டாபர்மேன், பாக்ஸர், ராட்வைலர் போன்ற பெரிய உடல்வாகு கொண்ட இனங்களுக்கும் உடல் பருத்த நாய்களுக்கும் இது அதிகம் வருகிறது. இதைக் கேட்டவுடன் கருத்தடையே வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. கருப்பையில் சீழ் கட்டி உயிருக்கே ஆபத்தாகும் நோயையும் மார்புக் கட்டிகளையும் ஒப்பிடும்போது, சமாளிக்கக்கூடிய இந்தக் கசிவுக்காகக் கருத்தடையைத் தவிர்ப்பது சரியான கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் குட்டிக்கு ஏற்கெனவே கசிவு இருந்தால் மட்டும், முதல் பருவம் வரும் வரை கருத்தடையைத் தள்ளிப்போடுவது பற்றி மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள். பிறவிச் சுருக்குத்தசைத் தளர்ச்சி உள்ள குட்டிகளில் பல, முதல் பருவத்துக்குப் பின் தாமாகவே சரியாகிவிடுகின்றன.

அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குந்துவது, நாற்றம் கூடுவது, சிறுநீரில் ரத்தம் தெரிவது ஆகியவை பெரும்பாலும் கிருமித்தொற்றையோ கல்லையோ காட்டும். விருந்தினரைக் கண்டு காதை மடக்கிப் பணிந்து சிறுநீர் விடுவது பயத்தால் வருவது. பின்னங்கால் தள்ளாட்டத்தோடு கசிவும் இருந்தால் முதுகெலும்பைப் பார்க்க வேண்டும். இவற்றில் எதற்கும் உள்நோக்கிக் கருவி வழி ஊசி தீர்வாகாது.

இன்னும் ஒன்று: நாய் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதை அளந்து எழுதுங்கள். அளந்த தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தைக் கழித்தால் போதும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் நாள்தோறும் குடித்தால், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, கார்டிசால் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோய் போன்ற வேறு காரணம் தேட வேண்டும். பை தாங்காத அளவு சிறுநீர் சேர்வதால்தான் அந்த நாய்க்குக் கசிகிறது. 20 கிலோ நாய்க்கு இந்த எல்லை 2 லிட்டர். எக்காரணம் கொண்டும் கசிவைக் குறைப்பதற்காகத் தண்ணீரை நிறுத்தி வைக்காதீர்கள்.

உள்ளூர் மருத்துவரிடம் முடிக்க வேண்டியவை

குறிப்பேட்டுடன் போகும்போது, சிறுநீர்ப் பரிசோதனை, கிருமி வளர்ப்புச் சோதனை, ரத்தப் பரிசோதனை, வயிற்று அல்ட்ராசவுண்ட் ஆகிய நான்கையும் கேளுங்கள். கிருமி வளர்ப்புக்கான சிறுநீரைத் தரையிலிருந்து பிடிக்காமல், மருத்துவர் வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியால் நேராகப் பையிலிருந்து எடுப்பதே நம்பகமானது; பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலான நாய்கள் இதை அமைதியாகவே பொறுத்துக்கொள்ளும். தொற்று இருந்தால் அதை முழுமையாகத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குச் செல்ல வேண்டும், ஏனென்றால் தொற்றோடு செய்யப்படும் உள்நோக்கிச் சிகிச்சை சிறுநீரகத்துக்கே கிருமியை ஏற்றிவிடக்கூடும்; தவிர, தொற்று நீங்கியதும் கசிவும் நின்றுவிடும் நாய்களும் இருக்கின்றன. குட்டிகளுக்கு அல்ட்ராசவுண்டில் சிறுநீரகமோ சிறுநீர்நாளமோ வீங்கியிருப்பது தெரிந்தால், சாய மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் நாளம் எங்கே திறக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டும்.

சுருக்குத்தசைத் தளர்ச்சிதான் என்று உறுதியானால், பெரும்பாலான மருத்துவர்கள் முதலில் மருந்தைத்தான் கொடுப்பார்கள், அது சரியும்கூட. சுருக்குத்தசையை இறுக்கும் பினைல்புரோப்பனோலமின் என்ற மருந்தும், எஸ்ட்ரியால் என்ற ஹார்மோனும் இதற்குப் பயன்படுகின்றன. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011இல் இரண்டுக்கும் நாய்களுக்கான அனுமதி அளித்தது. முதல் மருந்து ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதால், இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ள நாய்க்கு அழுத்தத்தை அளந்து பார்க்காமல் தொடரக் கூடாது. மனிதர்களுக்கான சளி மாத்திரைகளை இதற்கு மாற்றாக எண்ணி மருந்துக்கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவற்றில் சேர்ந்திருக்கும் பாராசிட்டமால் போன்றவை நாயின் ஈரலைக் கெடுக்கும். மருந்து பலருக்குப் போதுமானதாக இருக்கும். அது வேலை செய்யாவிட்டாலோ, பக்கவிளைவால் நிறுத்த வேண்டியிருந்தாலோ, வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் மாத்திரை கொடுப்பது நடைமுறையில் இயலாது என்று ஆனாலோதான் ஊசிச் சிகிச்சையின் பேச்சு வர வேண்டும். இடம் மாறிய நாளத்துக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. மருந்து அந்தக் குழாயை நகர்த்தாது.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தல்

கருவிதான் இங்கே தடையாக நிற்கும். பெரிய பெட்டை நாய்களுக்குப் பொதுவாக 2.7 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட விறைப்பான சிஸ்டோஸ்கோப் என்ற உள்நோக்கிக் கருவியும், சிறிய நாய்களுக்கு 1.9 மில்லிமீட்டர் கருவியும் வேண்டும். நாளத்தைத் திருத்த லேசர் கருவியும், சாய மருந்து ஓடுவதை உடனுக்குடன் காட்டும் எக்ஸ்ரே திரையும் வேண்டும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பிற மருத்துவர்கள் அனுப்பிவைக்கும் பெரிய சிறப்பு மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழக மருத்துவமனைகளிலும் இவை இருக்கின்றன. தமிழ்நாட்டில் இருப்பவர்கள், 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை போன்ற கற்பித்தல் மருத்துவமனையில் முதலில் தொலைபேசியில் விசாரித்து, எந்தக் கருவி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது; நெடுந்தூரப் பயணம் செய்துவிட்டு, கருவி இல்லை என்று தெரிந்து திரும்பும் நாய்க்கும் உரிமையாளருக்கும் அலைச்சல்தான் மிச்சம்.

சிகிச்சை செய்யும் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்: இதே சிகிச்சையை நீங்கள் எத்தனை நாய்களுக்குச் செய்திருக்கிறீர்கள், எந்த ஜெல்லைப் பயன்படுத்துகிறீர்கள், ஓராண்டுக்குப் பின் எத்தனை நாய்கள் உலர்ந்திருந்தன, இரண்டாம் முறை ஊசி போட வேண்டி வந்தால் செலவு என்ன. கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்குபவர்கள் அதிகம். ஊசியின் பலன் காலப்போக்கில் குறையும் என்பதால், மொத்தச் செலவில் இரண்டாம் முறையையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிகிச்சை நாளில் உள்ளே என்ன நடக்கிறது

முந்தைய இரவுக்குப் பின் உணவு கொடுக்க வேண்டாம் என்றே பெரும்பாலும் சொல்வார்கள். தண்ணீரை எப்போது நிறுத்துவது, காலையில் கொடுக்கும் மாத்திரையைக் கொடுக்கலாமா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குறிப்பாக ரத்த அழுத்தத்தை ஏற்றும் மாத்திரையை மயக்க மருந்துக்கு முன் கொடுப்பது பற்றி மயக்கவியல் மருத்துவர் என்ன சொல்கிறாரோ அதைத்தான் பின்பற்ற வேண்டும். குட்டியாக இருந்தால் நெடுநேரப் பட்டினி ஒத்துவராது என்பதால் நேரம் குறைவாகச் சொல்லப்படும். எல்லா நாய்க்கும் முழு மயக்கம் அவசியம்.

மயங்கிய நாயை முதுகு கீழாகப் படுக்க வைத்து, வாலடியில் முடியை நீக்கிச் சுத்தம் செய்த பின், கருவியைப் பிறப்புறுப்பின் வழியாக உள்ளே செலுத்துவார்கள். கிருமியற்ற உப்புநீர் தொடர்ந்து ஓடி உட்பகுதியை விரித்துக் கொடுக்க, திரையில் இளஞ்சிவப்பு நிறச் சுரங்கம் போன்ற காட்சி தெரியும். முதலில் சிறுநீர்த்தாரையின் வாய், பிறகு அதன் நீளம், பிறகு பையின் கழுத்து, கடைசியில் பையின் உள்ளே முக்கோணப் பகுதி. அந்த முக்கோணத்தின் இருபுறமும் சிறு பிளவுகள் தெரிய வேண்டும். ஒவ்வொன்றிலிருந்தும் சில நொடிகளுக்கு ஒருமுறை சிறுநீர் பீச்சி அடிப்பதைத் திரையில் காணலாம். ஒரு பிளவு அங்கே இல்லாமல், கருவி வரும் வழியில் தாரையின் சுவரிலேயே ஒரு துளையாகத் தெரிந்தால், இடம் மாறிய நாளம் உறுதியாகிவிடும். கண்டறிதலும் சிகிச்சையும் ஒரே மயக்கத்தில் முடியக்கூடும் என்பதே இந்த வழியின் பெரிய வசதி. ஆகவே கண்டறியப்பட்டால் உடனே திருத்தலாம் என்ற ஒப்புதலை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து வையுங்கள்.

தளர்ந்த சுருக்குத்தசைக்கு ஊசி போடும்போது, கருவியின் உட்புறச் சிறு வழியில் நீண்ட ஊசியைச் செலுத்தி, பையின் கழுத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் வெளிப்புறமாக, சளிச்சவ்வுக்கு அடியில் ஜெல்லை வைப்பார்கள். ஒரு இடத்தில் மட்டும் போதாது; வட்டத்தைச் சுற்றி மூன்று அல்லது நான்கு இடங்களில் வைக்க, ஒவ்வொரு இடத்திலும் சவ்வு திண்டு போலப் புடைத்து எழுந்து, கடைசித் திண்டு எழும்போது எல்லாம் நடுவில் ஒன்றையொன்று தொட்டு வழியை மூடிவிடும். தையல் இல்லை, கீறல் இல்லை. சிறுநீர் கழிக்கும்போது பை சுருங்கித் தரும் அழுத்தத்தில் திண்டுகள் விலகி வழிவிடும்; தூக்கத்தில் கசிய வைக்கும் சிறு அழுத்தத்தை மட்டும் அவை தடுக்கும். ஒரு காலத்தில் பதப்படுத்திய மாட்டுக் கொலாஜனைப் பயன்படுத்தினார்கள். அப்போது பயன்பட்ட தயாரிப்பு நின்றுபோன பின் வேறு ஜெல்களும் பயன்படுகின்றன. சூரிச் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் ஊசி போடப்பட்டு 2005இல் ஆய்வாக வெளியான 40 பெட்டை நாய்களில் 27 முழுமையாக உலர்ந்தன. அந்த உலர்ந்த காலம் சராசரியாக 17 மாதங்கள், சில நாய்களுக்கு ஒரு மாதம்தான், சிலவற்றுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல். இந்தச் சிகிச்சையிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதை இந்த இடைவெளியே காட்டுகிறது.

இடம் மாறிய நாளத்துக்கு வேலை வேறு மாதிரி. நாயில் இத்தகைய நாளங்கள் பெரும்பாலும் பையின் சுவரில் சரியான இடத்தில்தான் நுழைகின்றன. ஆனால் உள்ளே திறக்காமல் சுவருக்குள்ளேயே சுரங்கமாக ஓடித் தாரையில் போய்த் திறக்கின்றன. நாளத்துக்குள் மெல்லிய கம்பியையோ குழாயையோ செலுத்திப் பாதுகாத்துக்கொண்டு, அதற்கும் தாரைக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய சுவரை லேசர் இழையால் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே பைக்குள் போவார்கள். திறப்பு பையின் உள்ளே வந்ததும் நிறுத்துவார்கள். பையைத் தொடாமல் நேரே வெளியில் ஓடித் தாரையில் சேரும் நாளம் என்றால் லேசர் உதவாது. அதற்கு வயிற்றைத் திறந்துதான் நாளத்தைப் பையில் பொருத்த வேண்டும். இந்த லேசர் சிகிச்சை பற்றி அமெரிக்காவில் 30 பெட்டை நாய்களைக் கொண்டு 2012இல் வெளியான ஆய்வில், லேசர் மட்டுமே போதுமானதாக இருந்தவை 47 சதவீதம். மருந்து, ஊசி, தாரையைச் சுற்றிப் பொருத்தும் சிலிக்கோன் வளையம் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தபோது உலர்ந்தவை 77 சதவீதம். இந்தக் குட்டிகளில் பலவற்றுக்குச் சுருக்குத்தசையும் பலவீனமாக இருப்பதே காரணம். லேசருக்குப் பின்னும் கசிகிறதே என்று மனம் உடைந்து போகாமல், அடுத்த படியையும் முதல் நாளிலேயே மருத்துவரோடு திட்டமிட்டு வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பின்

பெரும்பாலான நாய்கள் அன்றே அல்லது மறுநாள் வீடு திரும்பும். முதல் 24 முதல் 48 மணி நேரத்தில் ஒன்றை மட்டும் கண்ணால் பார்க்க வேண்டும்: நாய் சிறுநீர் கழிக்கிறதா? ஊசி போட்ட இடம் வீங்கினால் வழி முழுதாக அடைபடலாம். நாய் திரும்பத் திரும்பக் குந்தியும் சில சொட்டுகளுக்கு மேல் வராமல், வயிறு இறுகி, ஓய்வின்றி அலைந்தால், விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவமனையை அழையுங்கள். சிறுகுழாய் போட்டுப் பையைக் காலி செய்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீக்கம் இறங்கி வழி திறக்கும். சிறுநீர் முதல் சில நாட்களுக்கு இளஞ்சிவப்பாக வருவது எதிர்பார்த்ததே. கட்டியாக ரத்தம் வருவது அப்படியல்ல.

கழுத்தில் கட்டும் கூம்புப் பட்டையை மருத்துவர் சொன்ன நாள் வரை போட்டு வையுங்கள். வாலடியையும் உள்தொடையையும் வெதுவெதுப்பான தண்ணீரால் நாள்தோறும் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். நீண்ட முடி இருந்தால் அதைக் கத்தரித்து வைத்தால் தோல் வெந்துபோவது குறையும். குழந்தைகளுக்குப் பூசும் துத்தநாகக் களிம்பைப் பூசாதீர்கள். நாய் நக்கி விழுங்கினால் துத்தநாகம் அதற்கு நஞ்சாகும். அணையாடை போட வேண்டியிருந்தால் இரவில் மட்டும் போட்டு, ஈரமானதும் மாற்றிவிடுங்கள். நாள் முழுக்கப் போட்டே விட்டால் தோல் புண்ணாகித் தொற்றுக்கும் வழி வகுக்கும்.

சிகிச்சைக்கு முன் எழுதிய அதே குறிப்பேட்டைத் தொடருங்கள். ஊசிக்குப் பின் முழுதாக நிற்காமல் குறைந்திருந்தால், முன்பு பலன் தராத அதே மாத்திரை இப்போது வேலை செய்வது உண்டு. வழி ஏற்கெனவே குறுகியிருப்பதால், சுருக்குத்தசைக்குக் கொஞ்சம் உதவி கிடைத்தாலே போதுமானதாகிறது. ஆகையால் மீதியிருந்த மாத்திரைகளை வீசிவிடாமல் மருத்துவரிடம் கேளுங்கள். பருத்த நாயின் எடையைக் குறைப்பதும் உதவும். பருத்த வயிற்றின் கொழுப்பு படுக்கும்போது பையை அழுத்துகிறது. நாளம் திருத்தப்பட்ட குட்டிகளுக்கு, சுமார் ஒரு மாதத்துக்குப் பின் அல்ட்ராசவுண்டு எடுத்துச் சிறுநீரக வீக்கம் இறங்கியதா என்று பார்ப்பதும், சிறுநீரைக் கிருமி வளர்ப்புக்கு அனுப்புவதும் வழக்கம்.

ஆண் நாய்களுக்குத் தாரை நீண்டு, வளைந்து, மெல்லியதாக இருப்பதால், வளையும் கருவியைக் கொண்டோ வேறு வழியிலோதான் பையின் கழுத்தை அடைய முடியும். பலனும் பெட்டை நாய்களுக்குக் கிடைப்பதை விடக் குறைவு. இரண்டாம் முறை ஊசியும் பலனற்றுப் போன பெட்டை நாய்க்கு, தாரையைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் பொருத்தி, தோலுக்கு அடியில் வைத்த சிறு செலுத்துவாய் (போர்ட்) வழியாக உப்புநீரை ஏற்றி இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை இருக்கிறது. அதற்கு வயிற்றைத் திறக்க வேண்டும். வளையம் பொருந்திச் சுற்றியுள்ள திசு ஆறிய பிறகுதான், பொதுவாக ஆறு வாரம் கழித்து, தேவையிருந்தால் மட்டுமே உப்புநீரை ஏற்றுவார்கள். வளையம் பொருத்தியது மட்டுமே போதுமானதாகி, உப்புநீர் ஏற்றத் தேவையே வராத நாய்களும் இருக்கின்றன. இருந்தாலும் அந்த ஆறு வாரம் முழுவதும் குறிப்பேடு தொடர வேண்டும், ஏனென்றால் உப்புநீரை ஏற்றலாமா வேண்டாமா என்று மருத்துவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.